முதியோர் இல்ல மேலாளர்களே, வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள்?

குடந்தைக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். இப்போது மேலாளர் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். தங்கியிருப்பவர்கள் நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. பாதிப் பேருடைய பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய், சென்னை என்று இருக்கிறார்கள். சுகரோ பிரஷரோ இல்லாதவர் அபூர்வம். படுத்த படுக்கையாக இருப்பவர்களும் உண்டு. எனக்குக் கீழே இரண்டு ஜிஎன்எம் (டிப்ளமோ நர்ஸ்), ஒரு ஏஎன்எம் (துணை நர்ஸ்), ஷிஃப்டுக்கு நாலு ஆயா, சமையலுக்கு இரண்டு பேர், ஒரு டிரைவர்.

எல்லாமே என்னிடம் வந்து நிற்கிறது. டயப்பர் தீர்ந்தாலும் போன், கேஸ் தீர்ந்தாலும் போன். துபாயிலிருந்து மகன் கூப்பிட்டு "அப்பா சாப்பிட்டாரா" என்று கேட்டால்கூட போனை என் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு "பாட்டிக்குத் தூக்கம் வரலையாம், என்ன செய்ய" என்று கேட்கிறார்கள். பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது புரிகிறது. எதை யாரிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது? முக்கியமாக, ராத்திரியில் நர்ஸ் ஒருவர்தான். இன்சுலினை ஆயாவிடம் பழக்கி விடலாமா? நிர்வாகியைக் கேட்டால் "எல்லாம் உங்க பொறுப்பு மேடம், எப்படியாவது பண்ணுங்க" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சிஎச்என் (திருவாரூர் பக்கம்)

வாழ்த்துகள்மா. நான் விஎச்என்னாக (கிராம சுகாதார செவிலியர்) சேர்ந்து சிஎச்என்னாக (சமுதாய சுகாதார செவிலியர்) ஓய்வு பெற்றவள். எங்கள் வேலையிலிருந்தே சொல்கிறேன், இல்லத்துக்கும் பொருந்தும்.

துணை சுகாதார நிலையம் என்றால் கணக்குப்படி 5,000 ஜனங்களுக்கு ஒன்று. அத்தனை பேரையும் ஒரு விஎச்என் தனியாகப் பார்ப்பது நடக்கிற காரியமா? புதன்கிழமை தடுப்பூசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடி டீச்சர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டி வருவார். எடை போடுவார். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் தாயையும் பிள்ளையையும் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வார். இதெல்லாம் அவரை நம்பி விடலாம், விடத்தான் வேண்டும். ஆனால் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி) குப்பியை எத்தனை மணிக்குத் திறந்தோம் என்று அதன் மேல் எழுதுவதும், 4 மணி நேரம் ஆனதும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதைத் தொடாமல் ஒதுக்குவதும் விஎச்என் கையில்தான். பென்டாவலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) குப்பியை முறைப்படி குளிரில் வைத்திருந்தால் 28 நாள் வரை எடுக்கலாம், எம்ஆரை அப்படி எடுக்க முடியாது. பார்க்க இரண்டும் சின்னக் குப்பிதான். எது எது என்று தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய விஷயம் அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "தடுப்பூசி நாள்" என்ற முழு வேலையையும் யாரும் யாரிடமும் தூக்கிக் கொடுப்பதில்லை. ஒரே வேலைக்குள்ளேயே கொடுக்கக்கூடிய பாதி இருக்கிறது, கொடுக்கக் கூடாத பாதி இருக்கிறது. சுகர் டெஸ்ட்டும் அப்படித்தான். விரலைச் சுத்தம் செய்து, குத்தி, ஸ்ட்ரிப்பில் ரத்தம் வைத்து, வந்த நம்பரை நோட்டில் எழுதுவதை ஒரு நல்ல ஆயாவுக்குப் பழக்கலாம். அந்த நம்பரை வைத்து என்ன செய்வது என்பது நர்ஸுடையது. "இது ஆயா வேலை, இது நர்ஸ் வேலை" என்று கோடு போடாமல் ஒவ்வொரு வேலையையும் பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. கொஞ்ச நாளைக்கு உங்களுக்கு வரும் கேள்வி ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், யார் கேட்டார் என்பதோடு. பிறகு எடுத்துப் பார்த்தால், கேட்டவருக்கே பதில் தெரிந்திருந்த கேள்விகள் நிறைய இருக்கும். தெரிந்தும் கேட்டிருக்கிறார் என்றால் செய்து திட்டு வாங்க பயப்படுகிறார் என்று அர்த்தம். அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது.

வெட்டாறு (நாகை மாவட்டம்)

நான் சுகாதார ஆய்வாளர். அம்மா கடைசியில் சொன்ன பயத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அதற்குப் பிறகு கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு நெடுக மரம். "மேலே கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வழியே இல்லை. இரண்டு பள்ளிக்கூட முகாம்களைப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தேன். ஒன்றில் ப்ளீச்சிங் பவுடர் இருந்த அறையின் சாவி முகாமில் இருந்த செவிலியரிடமே இருந்தது. தேவைக்கு எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதி வையுங்கள் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்கள். ஜனம் வந்து சேரும்போதே தொட்டித் தண்ணீரில் மருந்து போட்டு, அரை மணி கழித்துக் குளோரினும் பார்த்துவிட்டார். இன்னொரு முகாமில் இருந்தவரும் அதே அளவு கெட்டிக்காரர்தான். சாவி மட்டும் வேறு ஊரில் மாட்டிக்கொண்ட ஓர் அலுவலரிடம். மறுநாள் வரை அங்கே மருந்து போடாத தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

வாய்க்காலுக்கு நீதான் பொறுப்பு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு மதகுச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போவது போலத்தான் பல இடங்களில் நடக்கிறது. டயப்பர் ஸ்டாக்கை ஏஎன்எம்மிடம் கொடுக்கிறீர்கள் என்றால் வாங்கப் பணத்தையும் கொடுங்கள். இத்தனை ரூபாய் வரை என்னைக் கேட்காமல் வாங்கலாம், பில் வைத்தால் போதும் என்று ஒரு அளவு வையுங்கள். அதைக் கடைக்காரரிடமும் டிரைவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். "மேடம் சொன்னாங்களா?" என்று டிரைவர் ஒரு தடவை கேட்டாலே போதும், அடுத்த தடவை அந்தப் பெண் உங்களிடமே வந்து நிற்பார்.

நிர்வாகி "எல்லாம் உங்க பொறுப்பு" என்கிறாரே, அவரிடமும் இதையே கேளுங்கள். எவ்வளவு வரை நான் செலவு செய்யலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம், எந்த விஷயத்தில் உங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். உங்களிடமே இல்லாத அதிகாரத்தை நீங்கள் எப்படிப் பிரித்துக் கொடுப்பீர்கள்?

தஞ்சை கேர்

வீட்டு நர்ஸிங் ஏஜென்சி நடத்துகிறேன். இன்சுலின் கேள்விக்கு என் பதில்: தாராளமாகப் பழக்கலாம். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் போடுகிறார்கள். வீட்டில் மருமகள் போடுவதில்லையா, பாட்டியே தனக்குப் போட்டுக்கொள்வதில்லையா? இதற்குப் போய் நர்ஸ் தேடினால் டெல்டாவில் எங்கே கிடைக்கிறார்கள்? ஜிஎன்எம் முடித்தவுடன் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள்.

பழைய சிஎச்என்

தம்பி, நர்ஸ் கிடைப்பதில்லை என்பது உண்மை. அதற்காகச் சொல்கிற பதில் இது இல்லை.

மருமகள் போடுவது ஒரு மாமியாருக்கு, ஒரே மருந்து, ஒரே அளவு, தினமும். இல்லத்தில் ஆயா போடப்போவது பத்துப் பதினைந்து பேருக்கு. ஒருவருக்கு ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, அடுத்தவருக்கு மகன் வாங்கி அனுப்பிய, மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. ராத்திரி அவசரத்தில் 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். விடிவதற்குள் அந்தத் தாத்தா வியர்த்து, குழம்பி, நினைவு தப்பிவிடுவார். தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவும் மாட்டார்கள். அதுவே 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 20 போட வேண்டிய இடத்தில் 8 தான் போகும், சுகர் ஏறிக்கொண்டே இருக்கும், யாருக்கும் காரணம் தெரியாது.

கை நடுங்காமல் ஊசி போட எல்லோருக்கும் வரும். சாப்பிடாத பாட்டிக்கு இன்று போடலாமா வேண்டாமா என்று யோசிப்பதுதான் நர்ஸ் படிப்பு. உங்கள் ஏஜென்சிப் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்லித் தருகிறார்கள், தப்பு நடந்தால் ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்களா? கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்கிறேன்.

மன்னைப் பையன்

சொந்த ஊர் மன்னார்குடி, இப்போது இங்கிலாந்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

இங்கே இன்சுலினை கேர் ஒர்க்கரிடம் ஒப்படைக்க வழி உண்டு. ஆனால் எப்படி என்பதைப் பாருங்கள். இன்ன கேர் ஒர்க்கர், இன்ன முதியவருக்கு, இன்ன மருந்தைப் போடலாம் என்று பெயர் சொல்லித்தான் ஒப்படைப்பார்கள். பக்கத்து அறைக்காரருக்கு அவர் போட முடியாது. தன்னோடு வேலை செய்பவரிடம் "நீ போட்டுடு" என்று மாற்றியும் விட முடியாது. நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாக விடுவார்கள். சுகர் நிலையாக இல்லாதவருக்கு ஒப்படைக்கவே மாட்டார்கள். கேர் ஒர்க்கர் "எனக்கு தைரியம் இல்லை" என்று சொன்னால் வற்புறுத்தக் கூடாது.

எங்கள் நர்ஸ் கவுன்சிலின் 2015 நடத்தை விதியில் 11வது பிரிவு முழுக்க இதுதான். மற்றவருடைய திறமைக்குள் இருக்கிற வேலையை மட்டும் கொடு, கொடுத்த பிறகு மேற்பார்வையும் துணையும் கொடு, முடிந்ததும் சரியாக முடிந்ததா என்று பார். கொடுக்கலாம் என்று எடுத்த முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியது கொடுத்தவர்தான். வேலையைச் செய்த கேர் ஒர்க்கரும் தான் செய்ததற்குப் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

அக்கா, நம் ஊர்ச் சட்டமும் சூழ்நிலையும் வேறு. இங்கே நடப்பதை அப்படியே எடுத்துப் போடச் சொல்லவில்லை. இப்போதைக்கு இன்சுலினை நர்ஸ், ஏஎன்எம் கையிலேயே வையுங்கள். ராத்திரி ஊசிகளின் நேரத்தை டாக்டரிடம் பேசி ஷிஃப்ட் மாறுவதற்கு முன்னால் முடிக்க முடியுமா பாருங்கள். ஆயாக்களுக்குத் தாழ்சர்க்கரையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு. சுகர் 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறவராக இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் கலந்து கொடு, 15 நிமிஷத்தில் திரும்பப் பார், நர்ஸைக் கூப்பிடு. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதே, நர்ஸைக் கூப்பிடு, 108க்குப் போன் செய். இந்த 108 அழைப்புக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று நீங்களே அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஊசியை ஒப்படைப்பதைவிட இதை ஒப்படைப்பதுதான் உயிரைக் காக்கும்.

நீடா பிசியோ

நீடாமங்கலம் பக்கம் பிசியோதெரபிஸ்ட். சில இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை போய் வருகிறேன்.

நான் பார்த்த வரையில், வேலையைக் கொடுப்பது கெட்டுப்போவது "சரிங்க மேடம்" என்ற இடத்தில்தான். நம் ஊரில் ஆயா வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வயல் வேலைக்குப் போய் வளர்ந்த பெண்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவரிடம் "புரியலை" என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். நீங்கள் வேகமாக நாலு விஷயம் சொல்வீர்கள், அவர் தலையாட்டுவார். தப்பு நடந்ததும் "சொன்னேனே, கேட்கலையே" என்பீர்கள்.

அதனால் சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்க்கா, நீங்க இப்ப எப்படிச் செய்வீங்கன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். படுக்கையின் பக்கத்திலேயே நின்று செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் எதற்காக என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடு" என்றால் புரட்டுவார், சார்ட்டில் டிக் போடுவார். "இந்த ஐயாவுக்கு முதுகுப் புண் வராமல் பார்த்துக்கொள்வது உங்க பொறுப்பு" என்று சொல்லி, எப்படிப் பார்ப்பது என்றும் காட்டுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வர வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் அங்கே புண் ஆரம்பித்துவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றி இருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். ஓர் இல்லத்தில் இப்படிச் சொல்லிக் கொடுத்த பிறகு ஒரு ஆயா தானாகவே வந்து "ஐயாவோட பெட்ஷீட் மடிப்பு விழுது, ரப்பர் ஷீட்டுல வேர்க்குது, அதான் சூடாகுது" என்றார். எந்தச் சார்ட்டும் இதைச் சொல்லியிருக்காது.

சீர்காழி தன்னார்வலர்

எல்லோரும் கொடுப்பவர்கள் பக்கமிருந்து எழுதுகிறீர்கள். வாங்கிக்கொள்பவள் பக்கமிருந்து கொஞ்சம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். நான் அதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர். வீட்டுக்கு வீடு போய்ப் பிரஷர், சுகர் பார்க்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம். நல்ல வேலை, மனசுக்குப் பிடித்த வேலை. ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற முடியாத கிழவிக்குத் திண்ணையில் மாத்திரை போய்ச் சேருகிறது. ஆனால் ஒருவரை நம்பி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால், அவர் நன்றாகச் செய்கிறார் என்பதற்காகவே அடுத்த வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. இந்தக் கணக்கெடுப்பு, அந்த முகாம், இன்னொரு ஆப். பழையதில் எதையாவது எடுத்துவிட்டுப் புதியதைக் கொடுங்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

குடந்தை அக்கா, உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு ஆயாவுக்குச் சுகர் டெஸ்ட் பழக்கிக் கொடுத்தால் அவருடைய பாத்ரூம் கழுவும் வேலையை யார் செய்வார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சம்பளத்தில் ஏதாவது கூட்டிக் கொடுக்க நிர்வாகியிடம் பேசுங்கள். நீங்கள் வெறுக்கிற வேலைகளை மட்டும் கீழே தள்ளாதீர்கள். அப்படித் தள்ளினால் பொறுப்பு கொடுத்ததாகச் சொல்ல முடியாது, சுமை மாறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

தஞ்சை கேர்

பழைய சிஎச்என் அம்மாவுக்கு: சிரிஞ்சு விஷயம் நியாயம். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டில் ஒருவரைத்தான் பார்க்கிறார்கள், அதனால் அந்தக் குழப்பம் வருவது குறைவு. ஆனாலும் ஒரே வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் போடுகிற இடங்கள் உண்டு. அங்கே குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்து ஆளுக்கொரு டப்பாவில் பெயர் எழுதி வைக்கச் சொல்லப் போகிறேன். ராத்திரியில் கூப்பிட ஒரு நர்ஸ் நம்பரும் தேவைதான். பார்க்கிறேன்.

குடந்தைக்காரி

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. நான் செய்யப் போவதைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இன்சுலின், மாத்திரை பிரித்து வைப்பது, புதிதாக வருபவரை முதலில் பரிசோதிப்பது மூன்றும் நர்ஸ்களிடமே. யாருக்காவது உடம்பு மோசமானால் பிள்ளைகளுக்குச் சொல்வது, குடும்பத்தார் புகார், வேலை செய்பவர்கள் மேல் நடவடிக்கை, மருந்து மாறிப் போனால் விசாரிப்பது இதெல்லாம் என்னோடு. ஸ்டாக்கும் சில்லறைச் செலவும் ஏஎன்எம்மிடம், பணத்தோடு. இரவு நர்ஸுக்கு ஒரு தாள்: எதற்கெல்லாம் என்னைக் கூப்பிட வேண்டும், எதற்கு டாக்டரை நேராகக் கூப்பிட வேண்டும் என்று. ஒவ்வொருவருக்கும் பிரஷர், சுகர் எந்த அளவைத் தாண்டினால் கூப்பிட வேண்டும் என்பதை டாக்டரிடமே எழுதி வாங்கப் போகிறேன். படுக்கையில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆயா பொறுப்பு, பிசியோ சார் சொன்ன மாதிரி.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. டியூட்டி ரோஸ்டர். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் குறுவை நடவு தொடங்கிவிடும். அப்புறம் சம்பா நடவு, களை எடுப்பு. அந்த நேரத்தில் ஆயாக்களில் பாதிப் பேர் லீவு கேட்கிறார்கள். சிலருக்குச் சொந்த நிலம், சிலருக்கு அந்த நாட்களில் வயல் கூலி இங்கேயுள்ள நாள் சம்பளத்தைவிட அதிகம். ரோஸ்டரை நான் போட்டால் சண்டை, யாரிடமாவது கொடுத்தால் வேண்டியவர்களுக்கு மட்டும் லீவு என்று பேச்சு வரும்.

வலங்கைமான் அக்கா

நான் ஆயாதான்மா. தங்கச்சி மகன் போனில் இதைப் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான்.

ரோஸ்டரை எங்களிடமே விடுங்கள். ஆனால் ஒருத்தியிடம் விடாதீர்கள். வாரத்துக்கு ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதுகிற மாதிரி வையுங்கள். யார் வயல் எப்போது நடவு என்று எங்களுக்குத்தான் தெரியும். என் வயலுக்கு இந்த வாரம் என்றால் அவள் வயலுக்கு அடுத்த வாரம், மாற்றிக்கொள்வோம். நீங்கள் இரண்டே இரண்டு விதி சொல்லுங்கள். ஒரு ஷிஃப்டில் இத்தனை பேருக்குக் குறையக் கூடாது. படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தியாவது எப்போதும் இருக்க வேண்டும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். எங்களுக்குள் முடியவில்லை என்றால்தான் உங்களிடம் வருவோம்.

அப்புறம் அந்த துபாய் மகன் போன். அப்பா எவ்வளவு சாப்பிட்டார், எதைத் தள்ளி வைத்தார், இன்றைக்குச் சிரித்தாரா என்று ஊட்டிவிட்ட எனக்குத்தான் தெரியும். மருந்து, ஆஸ்பத்திரி, பணம் பற்றிக் கேட்டால் மேடத்திடம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். மற்றதை நானே பேசலாமா?

குடந்தைக்காரி

நீங்களே பேசலாம் அக்கா. எங்கள் இல்லத்து அக்காக்களிடமும் இதைப் படித்துக் காட்டிவிட்டு, வீட்டாருக்கும் தகவல் அனுப்புகிறேன்: சாப்பாடு, தூக்கம், பேச்சு பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமே பேசலாம் என்று. ரோஸ்டர் கூட்டத்தை வியாழன் மதியம் ஷிஃப்ட் மாறும்போது வைத்துக்கொள்கிறோம். இரண்டு விதியும் சுவரில் ஒட்டப்படும்.